கொக்கியின் உள்வளைவு

என் அன்பு அண்ணாத்தே,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. மூலக்கொத்தளம் இடுகாட்டுக்கு வந்து உன் தலைமாட்டில் நின்று சொல்ல வேண்டிய சேதி இது. அங்கே வந்தால் எனக்கு வாய் எழுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ சரக்கு மாட்டிவிடும் கிரேனின் கொக்கி ஒடிந்து, இரும்புப் பாளம் உன் மேல் விழுந்த மறுநாளே, "அளவுக்கு மேல் பாரம் மாட்டிவிட்டான்" என்று கம்பெனியில் எழுதிவிட்டார்கள். துறைமுகம் தெரியும் ஜன்னலை அம்மா அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் என் வேலை உனக்குத் தெரியும். கைப்பிடி சுழற்றும் கணக்கு இயந்திரத்தின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது. பாலங்களுக்குப் போடும் கணக்கை உன் கொக்கிக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்று பேராசிரியரிடம் கேட்டேன். அவர் தடுக்கவில்லை. கொக்கியைப் பெரிய தாளில் வரைந்து கட்டம் கட்டமாகப் பிரித்தேன். இரும்பு எங்கே எவ்வளவு இழுபடுகிறது என்று கட்டத்துக்கு ஓர் எண், முதலில் குத்துமதிப்பாக. பிறகு பக்கத்துக் கட்டங்களோடு ஒத்துப்போகும் வரை திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு வாரம் ஆயிற்று.

ஒரு மத்தியானம் கைப்பிடி நகர மறுத்தது. அறையில் வேறு யாரும் இல்லை. எண்ணெய் விட்டும் அசையவில்லை. தாளைப் பார்த்தேன். முந்தைய வரியில் ஓர் எண்ணை மாற்றி எழுதியிருந்தேன். திருத்தியதும் கைப்பிடி தானாகத் தளர்ந்தது. நீயா?

எந்த எண்ணில் தொடங்கினாலும் பெரிய எண் ஒரே இடத்தில் வந்து நின்றது, கொக்கியின் உள்வளைவில். அனுமதித்த பாரத்தையே தினம் ஏற்றி இறக்கினாலும் அந்த இடம் களைத்து விரிசல் விடும்.

உன் கூட்டாளி கதிர்வேலைப் போய்ப் பார்த்தேன். அடுத்த கிரேனிலும் அதே வார்ப்பில் செய்த கொக்கிதானாம்.

"அது சும்மா தொங்கிகினு கீது தங்கச்சி. பாரம் இல்ல, காத்து இல்ல. அப்பவும் டொக்கு டொக்குன்னு சத்தம் வருது. ஒங்க அண்ணன் பழுது கீதான்னு சுத்தியால தட்டிப் பாப்பாரே, அதே மாதிரி. நாங்க யாரும் அது கீழ போறதில்ல."

"அதை இறக்கித் தர முடியுமா?"

"இறக்கறேன். இன்னா ஆனாலும் ஆவட்டும்."

மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணாம்பு பூசி வெயிலில் வைத்தோம். விரிசல் இருந்தால் அதில் புகுந்த எண்ணெய் வெள்ளையில் கசிந்து காட்டிக்கொடுக்கும். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த வெள்ளையில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது, உள்ளேயிருந்து யாரோ எழுதுவது போல. என் தாளைப் பக்கத்தில் பிடித்தேன். அதே கட்டம். கதிர்வேல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார்.

தாளையும் அந்தக் கொக்கியையும் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான், உன் விபத்தை விசாரித்த அதிகாரி உன் கொக்கியின் துண்டுகளை எடுத்துப் பார்த்தார். முறிந்த பரப்பில் பாதிக்கு மேல் பழைய துரு. உன் மேல் போட்ட பழியை அடித்துவிட்டு, "இரும்பின் பழுது" என்று எழுதினார். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். இவங்களுக்குத்தான் இத்தினி நாளு ஆச்சு" என்றாள்.

எனக்கு அந்தத் துருதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நீ அதன் அடியில் உட்கார்ந்து சோறு தின்ற நாட்களிலும் விரிசல் உன் தலைக்கு மேலே திறந்துகொண்டே இருந்திருக்கிறது. நீ தட்டியபோது உனக்கு என்ன கேட்டது, அண்ணாத்தே?

மற்ற கொக்கிகளின் கணக்கும் இப்போது என்னிடம் வருகிறது. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். எந்தக் கணக்கை முடித்தாலும், பாரம் ஏற்றிய அந்தக் கொக்கியின் அடியில் முதலில் நான் போய் நிற்பேன். பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மரகதம்
ராயபுரம்