ஒலிக்காத மணியும் ஒரு வெள்ளி ஆளுருவும்

இன்று ஆய்வுக்கூட மேலங்கியைத் துவைக்க எடுத்தபோது, பைக்குள் அந்த வெள்ளி ஆளுரு விரலில் பட்டது. கட்டைவிரல் அளவுத் தகட்டில் கைகூப்பி நிற்கும் பெண். உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரம் இங்கே ஜெர்மனியில், எசன் நகரின் ஒரு நகைக்கடையில் வாங்கினேன். நீ குணமாகி வந்தால் பக்கத்து ஊரான ஊன்ட்றொப்பின் அம்மன் கோயில் உண்டியலில் போடுவதாக வேண்டிக்கொண்டேன். கோயில் பக்கமே போகாதவன் என்று தம்பட்டம் அடித்த அதே நான்தான். நீ வரவில்லை. வேண்டுதல் பலிக்காதபோது நேர்த்திக்கடன் ஏது என்று வீம்பாக அதைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

அருங்காட்சியகத்திலிருந்து நம் ஆய்வுக்கூடத்துக்கு வந்த மெக்சிகோச் செம்பு மணிகள் நினைவிருக்கிறதா? பல நூற்றாண்டுகளுக்கு முன் தெய்வத்துக்கென்று நீரில் போட்டவை. எக்ஸ்ரேயில் ஒரு மணிக்குள் வார்ப்புக் களிமண் அப்படியே அடைத்துக்கொண்டிருந்தது. மாட்டும் வளையத்தில் தேய்மானமே இல்லை. யாரும் அணிந்ததாகவோ அது ஒலித்ததாகவோ ஓர் அடையாளமும் இல்லை. அறிக்கையில் ‘பழுதான வார்ப்பு’ என்று தட்டினேன். பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, உன் ஈழத் தமிழில் அதை அழிக்கச் சொன்னாய்.

“உதை அழியும். பழுதெண்டு ஆர் சொன்னது?”

“உள்ள முழுக்க மண்ணு. ஆட்டினா சத்தமே வராது. வேற என்னன்னு எழுதுறது?”

“கண் வருத்தத்துக்கு அம்மனுக்கு வெள்ளிக் கண் போடுறம். அது பாக்குமோ?”

நான் விடவில்லை. வார்த்தவன் அவசரத்தில் மண்ணை எடுக்காமல் விட்டிருக்கலாமே என்றேன்.

“இருக்கலாம். தெரியாட்டித் தெரியாதெண்டு எழுதும். பழுதெண்டு எழுதாதையும்.”

அப்படித்தான் எழுதினோம். ‘ஒலித்ததற்குத் தடயம் இல்லை; காணிக்கைக்கென்றே செய்யப்பட்டிருக்கலாம்.’ அந்த அறிக்கையில் நம் இருவர் பெயரும் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க இப்போதும் எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று உன் அம்மா கூப்பிட்டார். “ஞாயிற்றுக்கிழமை தேர், தம்பி. அவள் இல்லையெண்டு நீங்கள் வராமல் விடாதேங்கோ.” “வாறன் அம்மா” என்று உன் தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகுதான் அழுதேன்.

எனக்கு இன்னும் கோபம்தான், உன்மேலும் அம்மன்மேலும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளுருவை உண்டியலில் போட்டுவிடுவேன். மெல்லிய தகடு, நோட்டுகளின் மேல் விழுந்தால் சத்தமே வராது. என் பை காலியாகிவிடும். ‘உதை அழியும்’ என்ற உன் குரல் மட்டும் என்னோடு திரும்பி வரும். உன்னைக் காப்பாற்றாத அந்த வேண்டுதலைப் பழுதென்று நான் எழுத மாட்டேன்.