இரண்டு பிடி ரம்பம்

ரிங்லெட்
3 மார்ச் 2024

அன்புள்ள சுப்பனுக்கு,

அர்ஜுனன் எழுதுவது. எழுத்து மேடும் பள்ளமுமாகப் போகும், பொறுத்துக்கொள். கோயில் மண்டபத்தில் நளினி டீச்சரிடம் ஒரு வருஷமாகப் படிக்கிறேன். இந்த ‘ழ’ மட்டும் கைக்கு அடங்காமல் படுத்துக்கொள்கிறது. போன் பண்ணினால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை என்ன செய்வாய்?

எஸ்டேட்டில் நாம் இருவரும் மரம் அறுத்த ரம்பம் கிடைத்துவிட்டது! தானா ராத்தாவில் ஷர்மினி என்ற பெண் புதிதாகத் தேத்தண்ணிக் கடை போட்டு, எஸ்டேட்டுப் பழைய சாமான்களைச் சுவரெல்லாம் மாட்டியிருக்கிறாள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, நடுவில் அது. பழனியப்பன் ஆசாரி அரத்தால் வெட்டிய பல் எனக்குத் தெரியாதா? இரண்டு முனையிலும் பிடி இல்லாமல் வெறும் ஓட்டை.

“இது எங்க ரம்பம்மா” என்றேன்.

“எங்கன்னா யாரு தாத்தா?”

எஸ்டேட்டுக்கு மோட்டார் ரம்பம் வந்த அன்று, இதை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று நாம் சண்டை போட்டதைச் சொன்னேன். நீ உன் பிடியைக் கழற்றிக்கொண்டு போக, நான் என் பிடியைக் கழற்றிக்கொள்ள, தகடு ஸ்டோரிலேயே கிடந்தது என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ரெண்டு பேரும் பிடியோட வந்து ஒரு கட்டையை அறுத்துக் காட்டுங்க, இறக்கித் தரேன். ஒத்த ஆளுக்குக் கிடையாதுலா.”

என் தேயிலைக் கட்டைப் பிடி பத்திரமாக இருக்கிறது. உன் கொய்யாக் கட்டைப் பிடி? ஏப்ரல் முதல் ஞாயிறு கடைக்கு வா. யார் வீட்டில் மாட்டினால் என்ன? எதிர்ப்பக்கம் நீ நின்றால் போதும் எனக்கு.

உன் அர்ஜுனன்

கோலா தெர்லா
12 மார்ச் 2024

அர்ஜுனனுக்கு,

சொல்வது சுப்பன், எழுதுவது மருமகள் ரஞ்சிதம். உன் கடிதம் கோழி கிளறின மண் மாதிரி இருக்கிறது. என் பிடியை எப்போதோ அடுப்பில் வைத்தாயிற்று. ரம்பத்தை இழுத்துவிட்டுக் கையைத் தளர்த்த உனக்கு என்றைக்குத் தெரிந்தது? தள்ளத்தானே தெரியும். இங்கே முட்டைக்கோஸ் வெட்டு. வர நேரமில்லை.

சுப்பன்

ஐயா, மாமா எழுந்து போய்விட்டார். அந்தப் பிடி எரியவில்லை. எங்கள் கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாளே அதுதான். நாங்கள் தொட்டால், “ஏய், அது என் கைக்குச் செதுக்குனது!” என்று கத்துவார். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறார்.

ரஞ்சிதம்

ரிங்லெட்
8 ஏப்ரல் 2024

அன்புள்ள சுப்பா,

நேற்று ரம்பம் இழுத்த கை இன்னும் வலிக்கிறது. எழுத்து முன்னைவிட மோசம்.

முட்டைக்கோஸ் லோரியிலிருந்து நீ இறங்குவாய் என்று நான் நினைக்கவே இல்லை. துண்டில் சுற்றிய பிடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சீக்கிரம் அறுடா, கோழியெல்லாம் ஓடிரும்” என்றாய். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு அது!

முதல் இழுப்பே சிக்கியது. “தள்ளாதடா!” என்று நீ, “நீ மொதல்ல விடுடா!” என்று நான். கடையில் இருந்தவர்கள் தேத்தண்ணியை ஆறவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அப்புறம் பிடித்தது பார், அந்தப் பழைய சத்தம்! நீ இழுக்க நான் விட, நான் இழுக்க நீ விட, கட்டை துண்டாகி விழுந்ததும் ஷர்மினி குதித்தே விட்டாள்.

போகும்போது நீயே ரம்பத்தைச் சாக்கில் சுற்றி என் கையில் திணித்தாய். உன் பிடியைக் கழற்றிக்கொண்டு போயிருப்பாய் என்றுதான் நினைத்தேன். வீட்டில் பிரித்தால் இரண்டு பிடியும் இருக்கிறது. அவசரத்தில் மறந்துவிட்டாயோ என்று அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. கழன்றுவிடாதபடி பிடியின் ஆப்பைக் கல்லால் அடித்து இறுக்கியிருக்கிறாய்.

உன் கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாள் செதுக்க உட்கார்ந்துவிட்டேன். கொய்யாக் கட்டைதான். எவ்வளவு தூரம் வந்தது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். அதுவரை கூட்டுக் கதவைக் கயிறு போட்டுக் கட்டிவை.

உன் அர்ஜுனன்