மேல்மாடிக்கு இன்னும் தொண்ணூறு வருடம்

பெக்ஸ்ஹில்,
செப்டம்பர், ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஃபிலிப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சௌக்கியம், அவருடைய முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே முனக ஆரம்பித்துவிடுகிறது. நீயும் மாப்பிள்ளை கேலமும் நலமாக இருக்க வேண்டும். நியூசிலாந்தில் இப்போது வசந்தம் என்றாலும் கழுத்தில் துணி சுற்றாமல் கடற்கரைக்குப் போகாதே. நீ அனுப்பிய தேன் வந்தது, உன் அப்பா ரொட்டிக்குத் தேன் தடவுகிறாரா, தேனுக்கு ரொட்டி தொட்டுக்கொள்கிறாரா என்றே தெரியவில்லை.

இங்கே பெரிய கூத்து நடந்தது. நம் ஃபிளாட்டைக் காசு கொடுத்து வாங்கினோமே தவிர கட்டடமும் மனையும் கீழ்வீட்டு மிஸ்டர் பார்ஜிட்டருடையவை, நமக்கு இருப்பது நீண்ட குத்தகைதான் என்பதை உன் அப்பா சுத்தமாக மறந்திருந்தார். வக்கீலம்மா கூப்பிட்டு, இந்த மாசம் முடிஞ்சா உங்க குத்தகை எண்பது வருஷத்துக்குக் கீழ போயிடும், அப்புறம் நீட்டிக்கிற விலை எகிறிடும், நீட்டிக்கணும்னு கட்டடக்காரருக்குச் சீக்கிரம் நோட்டீஸைக் குடுங்க சார் என்று சத்தம் போட்ட பிறகுதான் மனிதருக்கு விழிப்பு வந்தது. எகிறிய விலை எங்கள் சேமிப்புக்கு எட்டாது, அதன் பிறகு குத்தகை தேயத் தேய வீட்டின் மதிப்பும் தேயும். எனக்கு இரண்டு நாள் சோறு தண்ணி இறங்கவில்லை.

நோட்டீஸைத் தபாலில் போட்டிருக்கலாம். ஒரே கூரைக்குக் கீழே இருப்பவருக்குத் தபாலா, மரியாதையாக இருக்காது என்று உன் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு கீழே இறங்கினார். உனக்குத்தான் தெரியுமே, முப்பது வருடப் பழக்கத்தில் அந்த இருவரும் மழை, வெயில், ரோஜாச் செடி தவிர வேறெதையும் பேசியதில்லை, இன்னும் ஒருவரையொருவர் மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவார்கள். போனவர் கையில் அவர் தோட்டத்தில் விளைந்த ஒரு கட்டு ரூபார்ப் கீரைத் தண்டோடு திரும்பி வந்தார், நோட்டீஸ் சட்டைப்பையிலேயே இருந்தது. அவரு வாசல்ல நின்னுக்கிட்டுக் காசு விஷயத்தை எப்படிம்மா எடுக்குறது என்றார். மறுநாள் போய்த் தலை பெரிசுக்கு ஒரு பூசணியோடு வந்தார். இன்னும் நாலு தடவை போயிருந்தால் காய்கறிக் கடையே வைத்திருக்கலாம். கடைசியில் எரிச்சலாகிப்போய், அவருக்கு நம்மை வெளியேத்தணும்னுதான் இருக்கு, அதான் பேச்சையே எடுக்க மாட்டேங்கிறாரு என்று அந்த அப்பாவி மனிதர் மேலேயே பழியைப் போட்டார்.

நோட்டீஸைப் பிடுங்கிக்கொண்டு நானே போனேன். கதவைத் திறந்ததும், இந்தாங்க, இது சட்டப்படி உங்க கையில சேரணும், செடி கொடி எல்லாம் அப்புறம் என்று நீட்டிவிட்டேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் பயந்து போனேன். அப்புறம்தான் சொன்னார், நீங்க ரெண்டு பேரும் மகள்கிட்டயே போயிடப் போறீங்கன்னு நினைச்சேன் மிசஸ் டன்மோர், கேட்டா துரத்துற மாதிரி இருக்குமேன்னு வாயைத் திறக்கலை. எண்பதுக்குக் கீழ போனா எனக்குத்தான் லாபம், ஆனா அந்தக் காசை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண, மேல ரெண்டு பேர் நடமாடுற சத்தம் கேக்கணும் எனக்கு என்றார். பாவம், அவர் மனைவி போனதிலிருந்து அந்த வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசுகிறது.

நேற்றுக் கையெழுத்தாகிவிட்டது. விலை நியாயமான விலைதான், கடனுக்கு வங்கிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. இருக்கிற குத்தகையோடு தொண்ணூறு வருடம் கூடுகிறது, இனிமேல் மனைக்கு ரொக்க வாடகையும் இல்லை, பழைய சட்ட வழக்கப்படி பேருக்கு வருடம் ஒரு மிளகு, அதுவும் அவர் கேட்டால்தான். நான் கேக்காம விடுவேனா, கூட ஒரு துண்டு கேக்கும் வேணும் என்கிறார். உன் அப்பா ஜாடியைக் கவிழ்த்துச் சின்ன மிளகாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார், கஞ்சன்.

கண்ணே, உன் அப்பாவைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன், நான் மட்டும் என்ன யோக்கியம்? ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்லிவிட வாயெடுப்பேன். நீ எங்களுக்காகத் தயார் செய்கிற அறையைப் பற்றி, மஞ்சள் பெயிண்டைப் பற்றி, அப்பாவுக்காகக் குளியலறையில் வைத்த கைப்பிடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போவாய். நல்லா இருக்குடி என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். ஃபிலிப்பா, நாங்கள் அங்கே குடியேற வரவில்லை. உன்னை நினைக்காத நாள் இல்லை, ஆனாலும் எங்களுக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசையாக இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வருகிறோம், ஒரு மாதம் உன் உயிரை எடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம். கோபம் வந்தால் திட்டு, அழுகை வந்தால் அழு, போனை எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

கடவுள் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைக்கட்டும். பல் வைத்தியரிடம் போகச் சொன்னேனே, போனாயா?

அந்தக் கைப்பிடியைக் கழற்றிவிடாதே, கிறிஸ்துமஸுக்கு வேண்டும்.

உன் அம்மா,
மியூரியல் டன்மோர்