இரண்டாவது கையெழுத்து

அன்புத் தோழி நெட்டைக்கு,

குட்டை எழுதிக்கொள்வது. நான் நலம். நீ என்னைவிட நலமாகவே இருப்பாய், அது என்றைக்கும் அப்படித்தானே. நான்கு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தவள் இன்று கடிதம் போடுகிறாள் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று உனக்குப் புரிந்திருக்கும்.

உன் சேதியெல்லாம் மருந்துக் கவுன்டர் அண்ணன் மூலமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நீதான் வகுப்பு எடுக்கிறாயாம். அதைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் காட்டிய போட்டோவில் இளைத்து, அழகாக வேறு இருக்கிறாய். போகட்டும்.

இங்கே வார்டு இன்சார்ஜ் நான்தான். உனக்கு வரவேண்டிய நாற்காலி என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஆனால் பழைய நோயாளி யார் வந்தாலும் முதல் கேள்வி, “அந்த உயரமான சிஸ்டர் இல்லையா?” என்பதுதான். வெளியாரை விடு. என் அம்மா இங்கே படுத்திருந்தபோது, “உன் கை வேண்டாம்டி, வலிக்குது. அந்தப் பொண்ணை வரச் சொல்லு” என்று சொன்னதை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

நம் வார்டிலிருந்து நான்கு வருடமாக மருந்துத் தவறு என்று ஒரு அறிக்கைகூடப் போகவில்லை. தவறே நடக்காத வார்டு என்று மேட்ரன் கூட்டத்தில் மெச்சிக்கொள்கிறார். நடக்காமல் என்ன? மாத்திரை மாறுகிறது, வேளை தவறுகிறது, கமுக்கமாக மூடிவிடுகிறார்கள். ஆபத்தான மருந்தை ஒருத்தி எடுக்க, இன்னொருத்தி சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. அந்த இன்னொருத்தி பார்க்காமலே கையெழுத்துப் போடும் வழக்கமும் அப்படியே இருக்கிறது. தவறை ஒப்புக்கொண்ட உன்னைத் தண்டனையாகச் சலவைத் துணி எண்ண உட்காரவைத்ததைப் பார்த்தவர்கள் எப்படி எழுதுவார்கள்? “எழுதினா நெட்டை அக்கா கதிதான்” என்று புதிதாக வருகிறவளுக்கு முதல் நாளே ஓதிவிடுகிறார்கள்.

நேற்றுக் காலை இரண்டு சின்னப் பெண்கள், அன்று நாம் செய்த அதே தவறைச் செய்தார்கள். இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி ஊசிக்குப் பதிலாகச் சிவப்பு மூடி ஊசி. அளவுக் கோடு மாறியதில் இரண்டரை மடங்கு மருந்து ஏறி, நோயாளிக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. உடனே குளுக்கோஸ் ஏற்றி டாக்டரைக் கூப்பிட்டார்கள். இப்போது அவர் எழுந்து உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் என் மேஜைக்கு வந்தார்கள். ஊசியை மாற்றி எடுத்தது நான்தான், அவளை விட்டுவிடுங்கள் என்று ஒருத்தி. பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான், என் பெயரையும் எழுதுங்கள் என்று மற்றவள். பஸ்ஸில் நான்தான் டிக்கெட் எடுப்பேன் என்று மல்லுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. உன்னைப் பார்த்துக்கூட அப்படி எரிந்ததில்லை.

நான்கு வருடத்துக்கு முன் அந்தத் தையல்காரருக்கு இன்சுலின் போடும் முன் நீ சிவப்பு மூடி ஊசி இருந்த டிரேயை என்னிடம் நீட்டினாய். நான் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். மயங்கிப்போன அவர் கண் விழித்ததும், “ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதிக் குடுத்துடலாம்டி” என்று சொல்லிவிட்டு, அவர் மனைவியிடம் உண்மையைச் சொல்லப் போனாய். நீ திரும்பி வருவதற்குள் நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். சரியான ஊசியை என்னிடம் காட்டிவிட்டு வேறு ஊசியைப் போட்டாய் என்று.

பயத்தில் எழுதினேன் என்று இவ்வளவு நாளும் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பயம் இல்லை. அந்த மாதம் உனக்கு இன்சார்ஜ் உத்தரவு வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். விசாரணையில் நீ என்னை ஒரு தடவை பார்த்தாய், என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்று காலை அந்தப் பெண்களின் அறிக்கையோடு என்னுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன், அந்தப் பழைய சம்பவத்தின் தேதியைக் குறிப்பிட்டு, நடந்தது நடந்தபடி. மேட்ரன் இரண்டு தடவை படித்துவிட்டு, இதை இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்றார். இது எழுதப்படாதவரை இந்த வார்டில் எவளும் எழுதமாட்டாள் என்றேன். என்ன நடவடிக்கை வரும் என்று தெரியாது. நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

மன்னித்துவிடு என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன்னைத் தெரியாதா எனக்கு? கடிதத்தை மடிப்பதற்குள் மன்னித்துவிடுவாய். வேண்டாமடி. கொஞ்ச நாளாவது என்னைத் திட்டு. நாலு பேரிடம் சொல்லித் திட்டு. இந்த ஒன்றிலாவது என்னைவிட நல்லவளாக இருந்துவிடாதே.

நீ நூறு வருடம் நன்றாக இரு. வயிற்றெரிச்சலோடுதான் வாழ்த்துகிறேன், ஆனாலும் மனதார.

இப்படிக்கு,
குட்டை