பேர்ல் போட்ட குட்டி

மகனுக்கு அம்மா எழுதுவது.

நீ விட்டுப்போன புல்டாக் குட்டிக்கு, வேலியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூச்சுத் திணறி நாக்கு நீலம் பாரித்துவிடுகிறது. ஜார்ஜியா வெயில்தான் காரணம் என்று சொல்லாதே. அதற்கு மூக்கே இல்லை. அருவருப்பாக இருக்கிறது, குட்டியைப் பார்த்து அல்ல.

"தலை பெருசா இருந்தாத்தாம்மா ஜனங்க கேக்குறாங்க" என்றாய். காட்டுப்பன்றியைக் கவ்வி நிறுத்தி, சொன்னதும் விட்டுவிடும் நாயைத்தான் உன் அப்பா இணை சேர்ப்பார். நீ நம் பெட்டை நாய் பேர்லையும் அதன் கூடப்பிறந்த அண்ணனையும் சேர்த்திருக்கிறாய். நான் அஞ்சாவது வரை படித்தவள், எனக்கே தெரிகிறது.

மறுபடியும் குட்டி எடுக்கப் பேர்லைக் கேட்கிறாய். உன் மகள் லோரீன் அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை அதற்குக் கருத்தடை செய்து கூட்டிவந்துவிட்டேன்.

ஞாயிறு சர்ச் முடிந்து வா, கோழி பொரிக்கிறேன். குட்டி உன் நாற்காலிக்கு அடியில் படுத்திருக்கும். அது மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடு.

உன்னைப் பெற்றவள்