படிவத்தில் அம்மா

பிப்ரவரி 3
ஹீலோவில் நான்காவது நாளாக மழை. லெஹுவாவுக்கு இரண்டாவது பல் முளைக்கிறது. அவளை என் கணவன் டேரனின் அக்கா ஜோலீனிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். பல் முளைத்தால் காய்ச்சல் வருமா, வராதா? பத்து மணிக்குள் மூன்று முறை போன் செய்துவிட்டேன். மூன்றாவது முறை ஜோலீன் என்னை அதட்டினாள்:
"குழந்தை நல்லாத்தான் இருக்கா. நீதான் சரியில்ல. போய் வேலையப் பாரு, கேஹாவ்."
மதியம் மாணவர் ஆலோசகர் அறையில் என் மேசையைச் சுற்றிப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர், கல்லூரி உதவித்தொகைப் படிவங்களோடு. ஒருவன் முசுபி சோற்றுக்கட்டியைத் தின்றுகொண்டே தட்டச்சு செய்து, விசைப்பலகையெல்லாம் சோற்றுப் பருக்கை. இந்த நெரிசல் எனக்குப் பிடித்திருக்கிறது. வெளியில் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள்.

பிப்ரவரி 10
என் தப்பு. என் தப்பேதான்.
என் மாணவி புவாலெய்யின் படிவம் சரிபார்ப்பில் நின்றுவிட்டது. ஹொனலூலுவில் செவிலியர் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை இல்லாமல் போக முடியாது. மார்ச் 1 கடைசி நாள்.
அக்டோபரில் பெற்றோர் கூட்டத்தன்று அவளும் லோகே ஆன்ட்டியும் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். தாயார் பெயர் என்ற கட்டத்தில் புவாலெய் லோகே ஆன்ட்டியின் பெயரைத் தட்டச்சு செய்தாள். நான் பார்த்தேன், "சரி, அடுத்தது" என்றேன். அவள் ஹானாய், சொந்தத்துக்குள் வளர்க்கக் கொடுத்த பிள்ளை என்று ஊருக்கே தெரியும். ஆன்ட்டியின் தங்கை நபுவா பெற்று, பத்தாம் நாள் அக்கா கையில் கொடுத்த பிள்ளை. கோர்ட்டும் இல்லை, காகிதமும் இல்லை. நம் வீடுகளில் யார் காகிதம் எழுதிக் கொடுக்கிறார்கள்? ஆனால் அரசாங்கத்துக்குப் பெற்றவள்தான் வேண்டும். தகப்பனும் உயிரோடு இல்லை.
இதற்காகவே நாலு வருடம் படித்தவள் நான். விதி தெரியாதா? தெரியும். அன்று கேட்கத் தோன்றவில்லை — எதிரில் இருந்தது ஓர் அம்மாவும் மகளும்.

பிப்ரவரி 11
புவாலெய்யிடம் சொன்னேன்.
"நபுவா ஆன்ட்டி பேர அம்மான்னு போடணுமா? மாட்டேன்."
"வெறும் படிவம்தான், கண்ணு."
"வெறும் படிவம்னா எங்கம்மா பேரே இருக்கட்டுமே." பையைத் தோளில் மாட்டினாள். "அம்மாகிட்ட இத எப்படிச் சொல்லுவேன்? படிப்பே வேணாம் ஆன்ட்டி. கோனாவுல ஹோட்டல் வேலைக்குப் போறேன்."

பிப்ரவரி 13
லெஹுவா இன்று முதல்முறையாக 'அம்மா' என்றாளாம். ஜோலீனைப் பார்த்து.

பிப்ரவரி 14
இதற்கெல்லாம் அழுவார்களா? டேரன் சிரிக்கிறான். "அவ நாய்க்குட்டியப் பாத்தும் அப்படித்தான் சொல்றா." சிரிக்கட்டும்.

பிப்ரவரி 18
லோகே ஆன்ட்டி வீட்டுக்குப் போய்விட்டேன். விமான நிலையக் கடைக்காக ஆன்ட்டி பூமாலை கோத்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஊசி நிற்கவில்லை. கோத்துக்கொண்டே கேட்டார்:
"புள்ளைக்கு மூக்கத் தொடச்சு விட்டது யாருன்னு கேக்க ஒரு கட்டம் கூடவா இல்ல?"
"இல்ல ஆன்ட்டி."
"அப்படி ஒண்ணு வந்தா அதுல என் பேரப் போடு. இப்ப இருக்கறதுல என் தங்கச்சி பேரப் போடு."
"புவாலெய் ஒத்துக்க மாட்டேங்கிறா."
"அவ புடிவாதம் எங்கிட்டேர்ந்து வந்ததுதான். அத எறக்கவும் எனக்குத் தெரியும். நீ மொதல்ல இந்த டீயக் குடி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."
கிளம்பும்போது கழுத்தில் ஒரு மாலை. தப்பு செய்தவளுக்கு மாலை!

பிப்ரவரி 26
புவாலெய், லோகே ஆன்ட்டி, நபுவா மூன்று பேரும் என் அறைக்கு வந்தார்கள். நபுவா கதவருகிலேயே நின்றார்.
"உள்ள வரலாமா?"
"வாசல்ல நின்னுகிட்டா கையெழுத்துப் போடுவ? வாடி" என்றார் அக்கா.
அதற்குப் பிறகு இணையத்தில் நபுவாவுக்குக் கணக்குத் திறக்க ஒரு மணி நேரம் கடவுச்சொல்லோடு போராட்டம். ரகசிய எண் நபுவாவின் போனுக்கு வர, போன் உயிரை விட, "சார்ஜ் போட்டுக் கொண்டாரத் தெரியாது, பொண்ண மட்டும் பத்து நாள்ல தூக்கிக் கொண்டாரத் தெரிஞ்சுதா?" என்றார் லோகே ஆன்ட்டி. நான் பதறிப்போய் இழுப்பறையில் சார்ஜர் தேடினேன். ஆனால் அக்காவும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பழைய கேலியாம்.
கையெழுத்து முடிந்ததும் நபுவா திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "இதுக்காவது ஒதவுனேனே."
போகும்போது புவாலெய் அவருக்கும் சேர்த்துக் குடையை விரித்தாள்.

மார்ச் 1
படிவம் ஏற்கப்பட்டது. நிம்மதியாகத் தூங்கினேன், லெஹுவா விட்டவரை.

ஏப்ரல் 24
உதவித்தொகைக் கடிதம் வந்துவிட்டது. கட்டணம் முழுவதும், விடுதிச் செலவில் பெரும்பகுதியும். மிச்சத்துக்கு நூலகத்தில் வேலை. புவாலெய் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக் கணக்கு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.
பிறகு அடங்கி, "லெட்டர ரெண்டு காப்பி எடுத்துத் தாங்க, ஆன்ட்டி" என்றாள்.
எடுத்துக் கொடுத்தேன். என் மேசையிலேயே இரண்டு உறைகளில் போட்டாள். ஒன்றில் 'அம்மா' என்று எழுதினாள். பேனாவைக் கடித்தாள். இன்னொன்றில் 'நபுவா அம்மா'.
சாயங்காலம் லெஹுவாவை அழைத்துவரப் போனபோது ஜோலீன் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இன்னைக்கும் என்னைத்தான் அம்மான்னா. கோவிச்சுக்காத."
"மத்தியானம் நல்லா சாப்பிட்டாளா அக்கா?" என்று கேட்டேன்.