பெயர், வயது, பிள்ளைகள்

12-6-1984, செவ்வாய்
குன்னூர்

அறையில் கேட்டதை வெளியே எழுதுவது தவறு. மன்னிக்க வேண்டும். எழுதாமல் தூக்கம் வராது.

மார்க்கெட் மாடியில் இன்று என் மனநல ஆலோசனை அறையைத் திறந்தேன். கூச்சத்தில் போர்டைக்கூடச் சின்னதாகத்தான் மாட்டினேன். மதியம்வரை யாரும் வரவில்லை. பிறகு எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு அப்பா வந்தார்.

"மொத போணி நான்தான். எல்லாருகிட்டயும் கேக்குறத என்கிட்டயும் கேளுங்க டாக்டரம்மா" என்று சிரித்தார்.

நானும் விளையாட்டாக, இங்கே சொல்வது வெளியே போகாது என்று ஆரம்பித்தேன். பெயர், வயது, வேலை எழுதினேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.

"மூணு."

வீட்டில் நானும் தம்பியும்தான். நிமிர்ந்து பார்த்தேன். அப்பா இப்போது சிரிக்கவில்லை.

"செல்வி நம்ம புள்ளதாம்மா, ஒனக்கு மூத்தவ. ஒன் அத்தைக்குப் புள்ள இல்லைன்னு குடுத்தோம். அப்புறம் அவுங்களுக்கு சிலோன் பிரஜாவுரிமை கெடச்சுது, நமக்கு இந்தியா. அம்மாகிட்ட கேட்டுறாத. தாங்க மாட்டா."

சிலோனை விட்டு வர அட்டன் ஸ்டேஷனில் நாங்கள் ரயில் ஏறியபோது அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாளே, அந்தச் செல்வி. அத்தை மகள் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

அப்பாவிடம் கேட்க வாய்வரை வந்து நின்றுபோனது ஒன்றுதான். செல்விக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா அப்பா? அக்கா என்று ஆரம்பித்து.